22 இன்ச் வேண்டாம், தம்பிகளே!

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் வட்டாரத்து இளைஞர் மன்றத் தம்பிகளுக்கு,

ஐப்பசி நெருங்குகிறது. மன்றப் பணத்தில் மரம் அறுக்கும் மெஷின் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஊருக்கு ஊர் பேச்சு நடக்கிறது. நல்ல யோசனை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறிப் போன பிறகு, தெருவுக்குத் தெரு தென்னை குறுக்கே கிடக்க, அரிவாளும் கோடாரியுமாக நாம் நின்றதை யாரும் மறந்துவிடவில்லை. ஆனால் பட்டறைக்கு வந்து விசாரிக்கிற மன்றத்துக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: “அண்ணே, 22 இன்ச் வாங்கலாமா, 24 இன்ச் வாங்கலாமா?” ஆளாளுக்குத் தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். செயின் ஓடுகிற பாரை 16 இன்ச்சில் வாங்குங்கள். மனசு கேட்கவில்லை என்றால் 18. அதற்கு மேல் நம் ஊர் வேலைக்கு வேண்டாம்.

22 இன்ச் மேல் உங்களுக்கு ஏன் ஆசை என்று எனக்குத் தெரியும். கடை வாசலில் 58 சிசி என்று எழுதிய மெஷினை அந்த நீள பாரோடுதான் மாட்டி வைத்திருக்கிறார்கள். விலை கைக்கு அடக்கமாக இருக்கிறது. தோளில் வைத்துப் படம் எடுத்தால் எடுப்பாகவும் இருக்கிறது. பெரிய மரம் வந்தாலும் சமாளிக்கலாம், சின்ன மரம் வந்தாலும் சமாளிக்கலாம் என்று கடைக்காரர் சொல்வது காதுக்கு இனிக்கிறது. அது பாதிதான் உண்மை.

கடைக்குப் போகுமுன் தோப்புக்குப் போங்கள். ஒரு டேப், இல்லாவிட்டால் ஒரு கயிறு போதும். நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி அளந்து மூன்றால் வகுத்தால் குறுக்களவு ஏறத்தாழ வந்துவிடும். நம் பக்கத்து நெட்டைத் தென்னை பெரும்பாலும் மூன்று அடிச் சுற்றுக்குள் அடங்கும். அதாவது குறுக்கே 12 இன்ச். மரத்தின் குறுக்களவுக்கு மேல் இரண்டு இன்ச் இருந்தால் பார் போதும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான கணக்கு. அப்படிப் பார்த்தால் 14 இன்சே போதும். இரண்டு இன்ச் தாராளமாகக் கூட்டித்தான் 16 என்கிறேன். தென்னைக்கு வயது ஏற ஏறத் தண்டு பருக்காது. நாற்பது வருட மரமும் பதினைந்து வருட மரமும் பருமனில் பெரிதாக மாறுபடாது, உயரம்தான் வேறு. அடுத்த இருபது வருடத்துக்கும் சேர்த்து இந்த அளவு செல்லும்.

“அடி பெருத்திருக்குமே அண்ணே” என்பீர்கள். ஆமாம், நெட்டை ரகத்தில் தூர் பானைபோல் உப்பியிருக்கும். குட்டை ரகத்துக்கு அது அவ்வளவாக இல்லை. உப்பிய தூரை ஒரு பக்கமிருந்து பாதி அறுத்து, மறுபக்கம் போய் மீதியை அறுத்தால் தீர்ந்தது. இப்படி இரண்டு பக்கமும் அறுத்தால் 16 இன்ச் பார் கிட்டத்தட்ட முப்பது இன்ச் மரத்தையே முடித்துவிடும். ஒரு தூருக்காக மெஷினின் ஆயுள் முழுவதும் ஆறு இன்ச் இரும்பைக் கூடுதலாகச் சுமக்க வேண்டியதில்லை.

இந்த 16, 18 என்பதெல்லாம் எங்கிருந்து எங்கே என்பதிலும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. பாரைக் கழற்றி முனையிலிருந்து வால் வரை அளந்துவிட்டு, “எழுதியது 16, இருப்பது 19, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்” என்று வருகிறார்கள். ஏமாற்றவில்லை. மெஷின் உடம்பின் முன்பக்கத்திலிருந்து, முள் இருக்கிறதே அங்கிருந்து, முனை வரைதான் கணக்கு. மரத்துக்குள் போகிற நீளம் அதுதான். உள்ளே மறைந்து போல்ட்டில் மாட்டியிருக்கிற பகுதி கணக்கில் வராது.

இனி எஞ்சின். ஒரு கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன். 12 இன்ச் மரத்தை 16 இன்ச் பாரில் அறுத்தாலும் 22 இன்ச் பாரில் அறுத்தாலும் மரத்துக்குள் ஓடுகிற பல் அதே எண்ணிக்கைதானே, அப்புறம் என்ன நஷ்டம்? நியாயமான கேள்வி. நஷ்டம் மரத்துக்கு வெளியே இருக்கிறது. நீளமான செயின் முழுவதையும் எஞ்சின்தான் பார்மேல் இழுத்து ஓட்ட வேண்டும். அந்த உராய்வுக்கே பாதிச் சத்து போகிறது என்று சொன்னால் மிகை, ஆனால் கையில் தெரிகிற அளவுக்குப் போகிறது. முனை வரை ஆயில் போய்ச் சேர வேண்டும். சின்ன மெஷினின் ஆயில் பம்பு ஒரு நீளத்துக்குக் கணக்குப் போட்டு வைத்தது. அதற்கு மேல் பார் மாட்டினால் முனை காய்ந்து சூடேறும். பாரின் ஓரம் நீலம் பாய்ந்து பட்டறைக்கு வருகிற மெஷின்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். எடை முழுக்க முன்னால் சாய்வதால் இடுப்பு போகும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம் ஆசைதான். 22 இன்ச் இருக்கிறதே என்று ஒருநாள் வேப்பமரத்தில் பாரை முழுக்க இறக்குவீர்கள். அப்போது மரத்துக்குள் ஓடும் பல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும். ஆழமான போரில் மூணு எச்பி மோட்டாரை இறக்கியது போல எஞ்சின் முனகும். நீங்கள் ஆக்சிலேட்டரை விடமாட்டீர்கள். செயின் நிற்கும், கிளட்ச் மட்டும் சுற்றிக் கருகும். அதை மாற்றுகிற கூலி எனக்கு வரும்படிதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எஞ்சினுக்கும் பாருக்கும் தோராயமான பொருத்தம் இது: 40 சிசிக்குக் கீழே 12 முதல் 16 இன்ச் வரை. 50 சிசி பக்கம் 16, 18. அறுபதைத் தாண்டினால் 20, 24. அதற்கு மேல் நீளம் வேண்டுமென்றால் 70, 90 சிசி மெஷின் வேண்டும். 58 சிசி என்று பெயர்ப்பலகை சொன்னால் 20 வரை தாங்கும் என்று இந்தக் கணக்கு சொல்லும். ஆனால் மலிவான மெஷினில் வில்லையில் எழுதியிருக்கிற சிசி எல்லாம் உள்ளே இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். எதையும் ஒரு படி குறைத்தே எடுங்கள்.

தென்னை விஷயத்துக்கு வருகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்கிற கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாததற்குக் காரணம் இந்த மரம்தான். வேம்பு, புளி, தேக்கு எல்லாம் வருடாவருடம் வளையம் கட்டிப் பருக்கிற மரங்கள். அவற்றின் நடுவில்தான் வைரம். தென்னை புல் சாதி. வளையம் கிடையாது. வைரம் வெளியே இருக்கிறது, நடுவில் சோறு. வெளிப்புறம் கறுத்து இரும்பாக இருக்கும், உள்ளே வெளுத்து மெத்தென்று இருக்கும். அடிமரம் இன்னும் மோசம், நுனிப் பக்கம் இளகும். மெஷினை வைத்தால் முதலில் கடிக்காமல் வழுக்கும், பிறகு வெண்ணெயில் போவதுபோல் போகும், கடைசியில் மறுபடி முரண்டு பிடிக்கும். நார் நீளம் நீளமாக உரிந்து வந்து பல்சக்கர மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றி நாரைப் பிடுங்காமல் அரைநாள் வேலை பார்க்க முடியாது. அந்த வெளி வைரம் செயின் பல்லை மழுக்குகிற வேகத்தைத் தென்னை அறுக்காதவர்கள் நம்பமாட்டார்கள். தென்னம்பலகை அறுக்கிற ஆலைகளில் சாதாரணப் பல் தாங்காது என்று கார்பைடு வைத்த பல் போடுகிறார்கள். நம் பக்கத்தில் கூடுதலாக மணல் வேறு. விழுந்த மரத்தின் பட்டையெல்லாம் மணல், செயின் தரையைத் தொட்டால் மணல்.

ஆகவே தென்னை அறுப்பவனின் பாதி வேலை அரம் பிடிப்பது. செயினில் இரண்டு ஓட்டுக் கண்ணிக்கு ஒரு வெட்டுப் பல் வரும். பிட்ச், அதாவது கண்ணி இடைவெளி, .325 உள்ள செயினில் 16 இன்ச் பாருக்கு 66 கண்ணி என்றால் 33 பல். 22 இன்ச்சுக்கு 86 கண்ணி, 43 பல். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் பத்துப் பல் கூடுதலாக ராவ வேண்டும். புயலுக்கு மறுநாள் மழைத் தூறலில், பின்னால் பத்துப் பேர் “இன்னும் முடியலையா” என்று நிற்கும்போது, அந்தப் பத்துப் பல்லை யாரும் ராவுவதில்லை. மொட்டைச் செயினோடு மறுபடி ஆரம்பிப்பார்கள். மரத்தூள் மாவாக வந்தால் பல் போய்விட்டது என்று அர்த்தம். கூராக இருந்தால் சீவலாக வரும். மாவு வரும்போதும் அமுக்கி அமுக்கி அறுத்தால் பாரின் ஒரு பக்கம் தேய்ந்து வெட்டு கோணிக்கொண்டு போகும். பிறகு புதுச் செயின் போட்டாலும் நேராகப் போகாது.

இப்போது நாம் போடுகிற செயின் பல்லின் வடிவம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடைந்து தின்கிற ஒரு வண்டின் புழு இடதும் வலதுமாகத் தாடையை ஆட்டிக் கடிப்பதைக் கவனித்து, அதே மாதிரி மாறி மாறி வெட்டுகிற பல் செய்தார். 1947ல் போர்ட்லேண்ட் ஊரிலிருந்து அது விற்பனைக்கு வந்தது. அதுவரை செயினில் இருந்தது கைரம்பத்துப் பல்தான். வண்டால் கெட்டவர்கள் நாம், வண்டிடம் கற்றவர் அவர்.

வண்டு என்றதும் இன்னொன்று. விழுந்த தென்னையைத் தெருவிலிருந்து இழுத்து ஓரம் போட்டால் வேலை முடியவில்லை. அழுகிற தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும், நிற்கிற மரத்தையும் வந்து குடையும். ஆகவே துண்டு போட்டு அப்புறப்படுத்தியே ஆக வேண்டும். அறுபது அடி மரத்தை ஐந்தடித் துண்டாக்கினால் ஒரு மரத்துக்குப் பதினொரு வெட்டு. ஒரு தோப்பில் எத்தனை மரம் என்று பெருக்கிப் பாருங்கள். ஒரு வெட்டில் தெரியாத எடை, சாயங்காலத்துக்குள் தோளில் தெரியும். களைத்த கைதான் தப்புச் செய்யும்.

தப்பு எங்கே நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பாரின் மூக்கில், அதன் மேல் பாதியில். அந்த இடம் எதிலாவது பட்டால் செயின் கடித்துக்கொண்டு பார் முழுவதும் மேலே எகிறிப் பின்னால் வரும். பின்னால் இருப்பது உங்கள் முகமும் தோளும். கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது, பலசாலி, அனுபவசாலி என்றெல்லாம் பார்க்காது. முன்கைக் காப்பில் இருக்கிற செயின் பிரேக் அதற்காகத்தான் இருக்கிறது. அது வேலை செய்யாத மெஷினை எடுக்கவே கூடாது. நின்றபடி ஒற்றை மரத்தை அறுக்கும்போது மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும். புயலில் அப்படி இல்லை. மரத்துமேல் மரம், மட்டை, பாளை, வேலிக்கம்பி, ஓட்டுச் சில்லு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். 12 இன்ச் தண்டில் 22 இன்ச் பாரை வைத்தால் பத்து இன்ச் இரும்பு உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது எதைத் தொடும் என்று யாருக்குத் தெரியும்? 16 இன்ச் என்றால் நீட்டுவது நாலு இன்ச்.

விழுந்த மரம் சும்மா கிடக்கிற மரமும் அல்ல. சுவரில் ஒரு முனை, மேட்டில் ஒரு முனை என்று பாலம் போலக் கிடந்தால் மேல்பக்கம் நெருங்கியும் கீழ்ப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே ஒரேயடியாக அறுத்தால் பாரைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, கீழிருந்து மேலே வர வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை தொங்கினால் இதைத் தலைகீழாக்கிச் செய்ய வேண்டும். கீழிருந்து மேலே அறுக்கும்போது செயின் மெஷினை உங்கள் பக்கமே தள்ளும், அங்கேயும் நீளமான பார் கூடுதல் தொல்லை. கவ்விக்கொண்டால் மெஷினை அணைத்துவிட்டு ஆப்பு அடித்து எடுங்கள், இழுத்துப் பிடுங்காதீர்கள். வேரோடு சாய்ந்த மரத்தில் தூர்ப்பக்கம் அறுக்கும்போது வேர்க்கட்டிக்குப் பின்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். தண்டின் பாரம் போனதும் அந்த மண்கட்டி குழிக்குள் திரும்பச் சாய்ந்துவிடும். மின்கம்பி மேல் கிடக்கிற மரத்தை, லைன் அணைத்தாயிற்று என்று மின்வாரிய ஆள் நேரில் சொல்கிற வரை தொடவே வேண்டாம்.

நீளமான பாருக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2016ல் வர்தா புயல் சென்னையில் சாய்த்தது தூங்குமூஞ்சி மரங்களை. 2011 தானே புயல் பண்ருட்டியில் பெயர்த்தது காலங்காலமாக நின்ற பலா மரங்களை. அவற்றுக்கு 24 வேண்டியிருக்கும், அதற்கேற்ற எஞ்சினும் வேண்டியிருக்கும். 2017 ஒக்கி புயல் குமரியில் முறித்த ரப்பருக்கு நம் அளவே போதும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் டக்ளஸ் ஃபிர் வெட்டுகிறவர்கள் 28, 36 இன்ச் பார் போடுகிறார்கள். அங்கே மரமும் அப்படி, மலைச்சரிவும் அப்படி, மெஷினும் அப்படி. பாரம் குறையட்டும் என்று பல்லை விட்டுவிட்டு வைத்த ஸ்கிப் செயின் போடுவதும் உண்டு. அதே தொழிலைச் செய்கிற சுவீடன், பின்லாந்துக்காரர்கள் 13, 15 இன்ச்சில் காடு காடாக அறுக்கிறார்கள். மரம்தான் அளவைச் சொல்கிறது. நீளமான பாருக்கு ஆதரவாக ஒரு நல்ல வாதமும் இருக்கிறது: தரையில் கிடப்பதைக் குனியாமல் அறுக்கலாம். ஆறடி ஆளுக்கு 18 தருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஊரில் நாலு பெரிய புளியமரம் இருக்கிறதே என்றால், பக்கத்து மூன்று ஊர் மன்றங்கள் சேர்ந்து 70 சிசி மெஷின் ஒன்று வாங்கி, பழகிய கையில் மட்டும் கொடுத்து வையுங்கள்.

சவுக்குத் தோப்புக்காரர்களுக்கு 14 போதும். மரத்தில் ஏறி நின்று அறுக்கிற வேலைக்கென்று 10, 12 இன்ச்சில் மேல்பக்கம் பிடி வைத்த மெஷின் விற்கிறது. பெல்ட் கட்டிப் பழகியவர்கள் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது, இதற்கு மேல் அதில் பேச்சில்லை.

ஏற்கெனவே 22 வாங்கிவிட்டவர்கள் மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். பாரையும் செயினையும் மட்டும் மாற்றினால் போதும். வால்பக்கம் போல்ட் உட்காருகிற பள்ளத்தின் அகலமும் ஆயில் ஓட்டையும் உங்கள் மெஷினுக்கு ஒத்துப்போக வேண்டும். செயின் பிட்ச் பல்சக்கரத்தோடு ஒத்துப்போக வேண்டும். கண்ணியின் தடிமன் பாரின் பள்ளத்தோடு ஒத்துப்போக வேண்டும். .325, .058 என்பதெல்லாம் இவைதான், பழைய பாரின் வாலில் அடித்திருக்கும். நீளம் ஒன்றை மட்டும் சொல்லிச் செயின் கேட்காதீர்கள். ஒரே பிட்ச், ஒரே 16 இன்ச்தான், ஆனால் ஒரு கம்பெனி மெஷினுக்கு 66 கண்ணி, இன்னொரு கம்பெனி மெஷினுக்கு 67. ஒரு கண்ணி குறைந்தால் ஏறாது, கூடினால் தொங்கும். கண்ணியை எண்ணிக்கொண்டு போங்கள்.

செயின் ஆயிலுக்குப் பதில் டிராக்டரில் வடித்த கழிவு ஆயில் ஊற்றுவதை நிறுத்துங்கள். அதில் இருக்கிற இரும்புத் தூள் பம்பைத் தின்னும், தெறிக்கிற ஆயில் உங்கள் தோலில்தான் படும். பெட்ரோலில் 2டி ஆயில் எவ்வளவு என்று உங்கள் மெஷின் புத்தகத்தைப் பாருங்கள். லிட்டருக்கு 20 மில்லி கேட்கிற மெஷினும் உண்டு, 40 மில்லி கேட்கிற மெஷினும் உண்டு. பக்கத்து ஊர் மன்றத்தில் கேட்டு ஊற்றாதீர்கள். கைலி கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு மெஷின் பிடிப்பவரை மன்றத் தலைவர் என்றாலும் தடுத்து நிறுத்துங்கள்.

கடைக்குப் போகும்போது காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: தோப்பில் அளந்த மிகப் பெரிய சுற்றளவு, மிகச் சாதாரணமான சுற்றளவு. இரண்டாவதை வைத்துப் பாரைத் தேர்ந்தெடுங்கள். நல்ல 50 சிசி மெஷின், 16 இன்ச் பார், கைவசம் கூடுதலாக இரண்டு செயின், .325 பிட்ச் என்றால் 4.8 மில்லிமீட்டர் வட்ட அரம் நாலு, இரண்டு ஆப்பு. மீதிப் பணத்தில் முகமூடி வைத்த ஹெல்மெட்டும் இரும்பு மூக்கு ஷூவும் வாங்குங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோப்பில் பட்டுப்போய்க் கிடக்கிற தென்னை ஒன்றை அறுத்துப் பழகுங்கள். அரம் பிடிக்கத் தெரியாதவர்கள் பட்டறைக்கு வாருங்கள், கற்றுத் தருகிறேன், காசு வேண்டாம். மெஷினையும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
மெஷின் பட்டறை அண்ணன்